என் வீடியோவை மறைத்தது கம்பெனியா, அரசாங்கமா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

தமிழகத்தின் மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறார் இந்த வாசகி. வயது முப்பதுகளில். தனியார் பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, உள்ளூர்ப் பிரச்சினைகளைப் பேசும் யூடியூப் சேனல் நடத்துகிறார். அறுபதாயிரத்துச் சொச்சம் சந்தாதாரர்கள். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்குவாரியில் வைக்கிற வெடியால் வீட்டுச் சுவர்களில் விரிசல் விழுகிறது என்று ஜனங்கள் சாலை மறியலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் படம்பிடித்து 11 நிமிட வீடியோவாகப் போட்டிருக்கிறார். போலீஸார் கூட்டத்தைத் தள்ளிக் கலைக்கும் காட்சி அதில் முக்கால் நிமிடம் வருகிறது. இரண்டு வாரத்தில் வீடியோ இந்தியாவில் காணாமல் போய்விட்டது. துபாயில் இருக்கும் தம்பிக்கு மட்டும் இன்றும் ஓடுகிறதாம்.

அதே வாரத்தில் ஃபேஸ்புக்கில் போட்ட ரீல்ஸும் நீக்கப்பட்டிருக்கிறது. அதில் குவாரி உரிமையாளரின் பெயரையும் செல்போன் எண்ணையும் திரையில் காட்டி, “நீங்களே போன் போட்டுக் கேளுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பக்கத்தின் பதிவுகள் முன்புபோல யாருக்கும் போய்ச் சேருவதில்லை.

அவர் கேட்பவை: கருத்துச் சுதந்திரத்தைப் பறித்ததாக இரண்டு கம்பெனிகள் மீதும் வழக்குப் போடலாமா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அரசாங்கம் முடக்கியது செல்லுமா? வேறு கணக்கில் அதே வீடியோவைப் போட்டால் என்ன ஆகும், என்னைக் கைது செய்வார்களா? கடைசியாக, “அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் கம்பெனிகள் பதிவை நீக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்களாமே, நம் அரசு ஏன் போடவில்லை?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு ஸ்க்ரீன்ஷாட்களை இணைத்திருந்தீர்கள். நல்ல காரியம். கடிதத்தைவிட அவைதான் எனக்கு அதிகம் சொல்லின. இரண்டு சம்பவங்களையும் ஒரே சதி என்று பார்க்கிறீர்கள். ஒரே வாரத்தில் நடந்ததால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவை இரண்டும் இரண்டு வேறு விவகாரங்கள். ஒன்றைச் செய்தது கம்பெனி. மற்றொன்றைச் செய்தது, கம்பெனியின் கையைப் பிடித்து, அரசாங்கம். யார் செய்தது என்று பிரித்துக்கொண்டால்தான் எங்கே போய்க் கேட்பது என்பது தெரியும்.

ஃபேஸ்புக் காட்டியது “உங்கள் பதிவு எங்கள் சமூக நெறிமுறைகளுக்கு மாறானது” என்ற வழக்கமான வாசகம். யூடியூப் பக்கத்தில் இருப்பதோ, தேசியப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பான அரசு உத்தரவின் காரணமாக இந்த உள்ளடக்கம் இந்த நாட்டில் தற்போது கிடைக்காது என்று பொருள்படும் ஆங்கில வரி. இந்த வரியை ஒரு வக்கீல் பார்த்தால் உடனே நினைப்பது, இணையப் பதிவுகளை முடக்கச் சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவை. துபாயில் ஓடுகிறது, இங்கே ஓடவில்லை என்பதும் அதையே காட்டுகிறது. தன் நெறிமுறைக்காக நீக்கியிருந்தால் பெரும்பாலும் உலகம் முழுக்கவே எடுத்திருப்பார்கள்.

ஃபேஸ்புக் விஷயத்தில் கோபத்தைக் கொஞ்சம் குறையுங்கள்

கடிதத்தில் அதிகக் கோபம் ஃபேஸ்புக் மேல்தான். சொன்னால் வருத்தப்படாதீர்கள், அந்த இடத்தில்தான் உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கிறது. ஒரு தனிமனிதரின் செல்போன் எண்ணைத் திரையில் போட்டு எல்லோரும் கூப்பிடுங்கள் என்றால், மறுநாள் அந்த எண்ணுக்கு வருவது கேள்விகள் மட்டுமாக இருக்காது. அவர் குவாரியை எப்படி நடத்துகிறார் என்பது பொது விஷயம். அவருடைய போன் எண் அப்படியில்லை. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் விதி 3(1)(பி) என்று ஒன்று உண்டு. பிறரின் அந்தரங்கத்தில் தலையிடும் பதிவைப் போடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியது தளத்தின் பொறுப்பு என்கிறது. அதனால் அவர்கள் நீக்கியதைச் சட்டவிரோதம் என்று வாதிட எனக்கு வழி தெரியவில்லை.

எண்ணை மறைத்துவிட்டு அதே ரீல்ஸை மறுபடி போடுங்கள். பெயர் இருக்கட்டும், குவாரி உரிமம் அவர் பெயரில் இருந்தால் அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வழக்கு, மேல்முறையீடு எல்லாவற்றையும்விட இது வேகமான வழி.

அடுத்து, “அரசியலமைப்பின் 19(1)(ஏ) பிரிவை ஃபேஸ்புக் மீறிவிட்டது” என்கிறீர்கள். இந்தக் கேள்வியோடு வருபவர்கள் நிறைய. பேச்சு, கருத்துச் சுதந்திரத்தைத் தரும் இந்த 19(1)(ஏ) அடிப்படையில் அரசாங்கத்தின் கையைக் கட்டுவதற்காக எழுதப்பட்டது. தனியார் கம்பெனி தன் தளத்தில் எதை வைத்துக்கொள்ளும், எதை எடுக்கும் என்பதற்கு நேரடியாக அது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. சரி, முழுக்கப் பொருந்தாதா என்றால் அதுவும் இல்லை. கௌஷல் கிஷோர் வழக்கில் 2023 ஜனவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்று 4-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. 2022 அக்டோபர் திருத்தத்தில், குடிமக்களுக்கு 14, 19, 21 பிரிவுகள் தரும் உரிமைகளைத் தளங்கள் மதிக்க வேண்டும் என்று ஒரு வரியை விதிகளிலேயே சேர்த்தார்கள்.

காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. நீதிமன்றத்துக்குள் நிலைமை வேறு. 2025 அக்டோபரில் வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களிடம், வாட்ஸ்அப் வைத்துக்கொள்வது என்ன அடிப்படை உரிமை என்று அமர்வு கேட்டது. அதுதான் போனால் என்ன, ‘அரட்டை’ என்ற உள்நாட்டுச் செயலி இருக்கிறதே என்றும் சொன்னது. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்தார்கள். அதனால் கம்பெனி மீது ரிட் மனு போடச் சொல்லி உங்களைச் செலவுக்குள் தள்ள மாட்டேன்.

ரிட் இல்லாவிட்டாலும் வேறு படிகள் இருக்கின்றன. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளம் தானாக ஒரு பதிவை நீக்கினால், நீக்குவதற்கு முன்பே காரணத்தைச் சொல்ல வேண்டும், மறுப்புத் தெரிவிக்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது விதி 4(8). இதை யாருமே எடுத்துக் காட்டுவதில்லை. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதும்போது இந்த விதி எண்ணைப் போட்டு எழுதுங்கள். பதில் சொல்வதற்கு 2021-இல் 15 நாள் கெடு வைத்தார்கள், பின்னால் வந்த திருத்தங்களில் கெடுக்கள் குறுகிக்கொண்டே வருகின்றன. அவர் பதில் திருப்தியில்லை என்றால், கிடைத்த 30 நாளுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-இல் ஏற்படுத்திய குழுக்கள் அவை, எல்லாமே இணையவழிதான். குழுவை நியமிப்பது மத்திய அரசு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசைக் குறைசொல்லும் பதிவை அரசு நியமித்த குழுவிடம் எடுத்துப்போவதில் இருக்கும் சங்கடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பதிவுகள் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்கிற பிரச்சினைக்கு நம் விதிகளில் தெளிவான மருந்து இல்லை. விதி 4(8) பேசுவது நீக்குவதைப் பற்றியும் அணுக முடியாமல் செய்வதைப் பற்றியும்தான். சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளுவதைப் பற்றி அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம், பதிவின் வீச்சைக் குறைத்தாலும் காரணம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. இங்கே அந்தக் கட்டாயம் கிடையாது.

யூடியூப்: உங்கள் சண்டை இங்கேதான்

இந்த இடத்தில்தான் நீங்கள் சோர்ந்துபோயிருக்கிறீர்கள். “அரசாங்கமே சொன்ன பிறகு என்ன செய்ய முடியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் உங்கள் கை ஓங்கியிருக்கும் இடம் இது.

69ஏ பிரிவு அரசுக்கு எல்லையில்லாத அதிகாரம் கொடுக்கவில்லை. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, இவை சம்பந்தப்பட்ட குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுப்பது. இவ்வளவுதான் காரணங்கள். அவதூறு இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு குவாரி முதலாளிக்குக் கெட்ட பெயர், ஓர் அதிகாரிக்குத் தர்மசங்கடம் என்பதற்காக 69ஏ-வைக் கையில் எடுக்க முடியாது. உங்கள் வீடியோவுக்குப் பொருத்திப் பார்க்கக்கூடிய ஒரே காரணம் பொது ஒழுங்கு.

பொது ஒழுங்கு என்றால் என்ன என்பதை நம் நீதிமன்றங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. 1960-களில் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வட்டங்களை வரைந்து காட்டியது. பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. ஒரு சாலை மறியல் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக இருக்கலாம். அதனாலேயே அது பொது ஒழுங்குப் பிரச்சினை ஆகிவிடாது. 1989-இல் ஒரு தமிழ்த் திரைப்படத்தைத் தடுக்க வேண்டும் என்று வந்த ரங்கராஜன் வழக்கிலும், ஆபத்து கற்பனையாகவோ தொலைவிலோ இருக்கக் கூடாது, பேச்சுக்கும் கலவரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப்போல இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நடந்து முடிந்த மறியலைக் காட்டும் வீடியோ எந்தப் பீப்பாயில் விழுந்த பொறி என்று அரசுதான் சொல்ல வேண்டும்.

“எனக்குச் சொல்லவே இல்லை” என்கிறீர்களே, அதுதான் மனுவில் முதலில் வர வேண்டிய வாதம். முடக்குவதற்கான நடைமுறையை 2009-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதன் 8-ஆவது விதிப்படி, பதிவைப் போட்டவரையோ தளத்தையோ அடையாளம் காண நியாயமான முயற்சிகள் எல்லாவற்றையும் செய்து, பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். விதியில் ‘அல்லது’ என்று இருப்பதால் தளத்துக்குச் சொன்னாலே போதும் என்று அரசுத் தரப்பு வாதிடும். ஆனால் 2015 மார்ச் 24-இல் வந்த ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில், பதிவைப் போட்டவர் யார் என்று தெரிந்தால் அவரையும் கேட்டுவிட்டுத்தான் உத்தரவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இந்த விதியைப் படித்திருக்கிறது. நிறையப் பேர் அந்தத் தீர்ப்பை, இணையத்தில் ‘புண்படுத்தும்’ பதிவு போடுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ஒழித்த தீர்ப்பாக மட்டுமே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 69ஏ செல்லும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் இருக்கின்றன, காரணத்தை எழுத்தில் பதிகிறார்கள், அதை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் எதிர்க்கலாம் என்பதால்தான் செல்லும் என்றது. உங்கள் சேனலில் பெயர் இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது, முகம் இருக்கிறது. அடையாளம் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அரசு வைத்திருக்கும் பதில் இரண்டு. ஒன்று, அவசர நிலை. 9-ஆவது விதிப்படி அவசரம் என்றால் யாரையும் கேட்காமலே முடக்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள், முடக்கக் கோரிக்கைகளை ஆராயும் அதிகாரிகள் குழுவின் முன் வைத்தாக வேண்டும். வீடியோ வெளியாகி இரண்டு வாரம் கழித்து வந்த உத்தரவு அவசரமா என்று கேட்கலாம். இன்னொன்று 16-ஆவது விதி, அதாவது ரகசியம். உத்தரவு, புகார் எல்லாமே ரகசியம் என்பார்கள். ஆர்.டி.ஐ. போட்டால் பெரும்பாலும் இதே விதியைக் காட்டி ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள். ஆனாலும் போடுங்கள். அந்த மறுப்புக் கடிதமே மனுவுக்கு ஓர் ஆவணம்.

ரகசியம் என்று சொல்லிவிட்டால் கதவு மூடிவிடுகிறதா? வரதட்சணை வழக்கத்தைக் கேலி செய்து, மாப்பிள்ளைக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுக் காட்டும் ஒரு நையாண்டி இணையதளத்தை 2018-இல் முடக்கினார்கள். அதை நடத்தியவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முடக்க உத்தரவின் நகலை அவருக்குக் கொடுங்கள், அவர் தரப்பைக் கேளுங்கள் என்று 2022 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாலு வருஷம் ஆனது என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கும் அவ்வளவு ஆகும் என்றில்லை, ஆனால் நாளைக்கே வீடியோ திரும்பிவிடும் என்று நம்ப வேண்டாம்.

நமக்குப் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பிரதமரை வரைந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் மொத்தமும் முடங்கியது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவைக்கச் சொல்லி, தளத்தை மீண்டும் திறக்க இடைக்கால உத்தரவு போட்டது. (1987-இல் இதே பத்திரிகையின் ஆசிரியரை அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அப்போது ஆளை உள்ளே வைத்தார்கள், இப்போது பக்கத்தை மறைக்கிறார்கள்.) உங்களுக்கு இதில் ஒரு நேரடிப் பயன் உண்டு. 11 நிமிடத்தில் ஆட்சேபத்துக்குரியதாகச் சொல்லக்கூடியது அந்த முக்கால் நிமிடம் மட்டும். “வழக்கு முடியும்வரை அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுகிறேன், மீதியைத் திறந்துவிடுங்கள்” என்று இடைக்கால நிவாரணம் கேட்கலாம். கொள்கையில் விட்டுக்கொடுப்பதுபோல உங்களுக்குத் தோன்றும். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் கேட்கத்தான் செய்வேன். சுவர் விரிசல்களும் பாட்டிமார்களின் பேட்டியும் இருக்கும் பத்து நிமிடம் ஜனங்களுக்குத் தெரிவதுதான் உங்கள் நோக்கம்.

இன்னொரு பலமும் உங்களுக்கு உண்டு, கம்பெனிக்கு அது இல்லை. 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கானது. எக்ஸ் (பழைய ட்விட்டர்) நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இரண்டு முறை தோற்றது. 2023 ஜூன் 30-இல், முடக்க உத்தரவுகளை எதிர்த்த மனு 50 லட்சம் ரூபாய் அபராதச் செலவோடு தள்ளுபடியானது. 2025 செப்டம்பர் 24-இல், அரசுத் துறைகள் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் ‘சஹ்யோக்’ இணையவாசலை எதிர்த்த மனுவும் தள்ளுபடியானது. வெளிநாட்டுக் கம்பெனி 19-ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு வர முடியாது என்பது அங்கே அரசுத் தரப்பில் எழுந்த முக்கியமான வாதம். நீங்கள் போனால் அந்த வாதம் எழாது. தவிர, கர்நாடகத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டுவார்கள், அவ்வளவுதான்.

சஹ்யோக் பற்றிச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை. உங்கள் விஷயத்தில் உத்தரவு 69ஏ வழியாக வந்தது என்பது அந்த வரியை வைத்து நான் செய்யும் ஊகம். அதே சட்டத்தில் 79(3)(பி) என்ற வேறு பாதையும் உண்டு. “இந்தப் பதிவு சட்டவிரோதமானது, நீக்காவிட்டால் உங்கள் சட்டப் பாதுகாப்பு (பயனர் போடும் பதிவுக்குத் தளம் பொறுப்பாகாது என்ற பாதுகாப்பு) போய்விடும்” என்று அதிகாரிகள் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது. அதில் 69ஏ-வின் குழு, விசாரணை எதுவும் கிடையாது. 2025 நவம்பர் 15 முதல், இப்படி அனுப்ப இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும், போலீஸ் என்றால் டி.ஐ.ஜி. நிலைக்குக் குறையக் கூடாது, சட்டப் பிரிவையும் காரணத்தையும் குறிப்பிட வேண்டும் என்று திருத்தியிருக்கிறார்கள். எந்தப் பாதை என்று தெரியாமல் மனு எழுதக் கூடாது. அதனால்தான் கீழே சொல்லும் முதல் கடிதம் முக்கியம்.

டெக்சாஸ் மாதிரி ஒரு சட்டம்?

கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. நடந்தது நீங்கள் நினைப்பது இல்லை. 2021-இல் டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் ஆளுக்கொரு சட்டம் போட்டன. டெக்சாஸ் சட்டம், அமெரிக்காவில் மாதம் 5 கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் ஒருவரின் கருத்தைக் காரணமாக வைத்துப் பதிவைத் தணிக்கை செய்யக் கூடாது என்றது. எதையுமே நீக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2024 ஜூலை 1 அன்று, கீழ் நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்று சொல்லி இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது நீதிபதி எலெனா கேகன் எழுதிய தீர்ப்பில், எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தளம் தேர்ந்தெடுப்பதும் ஒருவகைப் பேச்சுதான், கருத்துச் சந்தையைத் தனக்குப் பிடித்தபடி சமன்செய்ய அரசுக்கு உரிமையில்லை என்ற பொருளில் சொன்னார். ஆக, அந்த ஊர் அரசியலமைப்பில் பேச்சுரிமை கம்பெனியின் பக்கம் போய் நின்றது.

நம் சட்ட அமைப்பு வேறு, அந்தத் தீர்ப்பை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதை நீக்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தால், எதை நீக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தோடு அதுவும் ஒரே மேஜையில் போய்ச் சேரும். உங்கள் வீடியோவை மறைத்ததாக நாம் சந்தேகிப்பது அந்த மேஜையைத்தான். 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தன் சம்பந்தப்பட்ட செய்திகளில் எது பொய், எது திரிப்பு என்று அரசே அமைக்கும் உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு முடிவு செய்யும் என்றது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். மூன்றாவது நீதிபதி 2024 செப்டம்பரில் செல்லாது என்று சொன்ன பிறகு அது ரத்தானது. எனக்குக் கம்பெனிகள் மீது பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. காரணம் சொல்லு, முறையீட்டைக் கேள் என்று அவற்றைக் கட்டாயப்படுத்தும் விதி வேண்டும் என்பேன். எந்தக் கருத்து இருக்கலாம் என்று அமைச்சகம் பட்டியல் போடுவதை வேண்டாம் என்பேன்.

மறுபடி போடலாமா? கைது செய்வார்களா?

வேறு கணக்கில் அதே வீடியோவைப் போடாதீர்கள். 69ஏ-வில் இருக்கும் ஏழு ஆண்டு வரையிலான தண்டனை உத்தரவை மீறும் தளத்துக்குத்தான், உங்களுக்கல்ல. ஆனால் புதுக் கணக்கில் போட்டால் தளம் உங்கள் இரண்டு கணக்கையும் சேர்த்து மூடலாம். அதைவிட, நாளை நீதிபதியிடம் நியாயம் கேட்டு நிற்கும்போது, “உத்தரவு இருப்பது தெரிந்தே சுற்றிவளைத்துப் போட்டார்” என்று அரசு வக்கீல் ஆரம்பித்தால் பாதி அனுதாபம் அங்கேயே போய்விடும்.

வீடியோ முடக்கப்பட்டதால் மட்டும் நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. பயப்பட வேண்டியது தனியாக வரக்கூடிய எஃப்.ஐ.ஆர். ஒன்றுக்குத்தான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் பொதுமக்களிடையே பீதியைக் கிளப்பும் பொய்த் தகவல் பற்றிய 353-ஆவது பிரிவையும், அவதூறு பற்றிய 356-ஆவது பிரிவையும் காட்டலாம். உள்ளதை உள்ளபடி, பொதுநலனுக்காகச் சொன்னது என்பது அவதூறுக்கு விதிவிலக்கு. 66ஏ என்று யாராவது மிரட்டினால் அந்தப் பிரிவே உயிரோடு இல்லை என்று சொல்லுங்கள். அதில் இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது, அந்த அளவுக்குக் காவல் நிலையங்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

யூடியூப் நிறுவனத்துக்கு: எந்தச் சட்டப் பிரிவில், எந்தத் தேதியில், எந்த அமைப்பு உத்தரவிட்டது என்று எழுத்தில் கேளுங்கள், நகலும் கேளுங்கள். தர முடியாது என்றுதான் பதில் வரலாம். வந்த பதிலை அப்படியே வையுங்கள். சேனல் மின்னஞ்சலின் ஸ்பேம் பகுதியையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். முடக்கம் பற்றிய அறிவிப்பு அங்கே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அமைச்சகங்களுக்கு: செய்தி சார்ந்த சேனல் என்பதால் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் 69ஏ அதிகாரிக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபால் அனுப்புங்கள். மூன்று கோரிக்கைகள் போதும்: உத்தரவின் நகல், என் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, மறுஆய்வு. 2009 விதிகளின்படி மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி, உத்தரவு சட்டப்படி சரியா என்று பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் திறக்கச் சொல்லும் அதிகாரமும் அதற்கு உண்டு. கடிதத்தில் கோபம் வேண்டாம், அது மனுவோடு இணைக்கப்போகும் காகிதம்.

ஆதாரம்: வெட்டி ஒட்டிய 11 நிமிடம் அல்ல, கேமராவிலிருந்து வந்த மூலப் பதிவுதான் முக்கியம். மெமரி கார்டை எடுத்து உறையில் போட்டுத் தேதி எழுதிவையுங்கள். அதில் இனி எதையும் பதியாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆவணமாகக் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின் சான்றிதழ் தேவைப்படும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) குறிப்பிட வேண்டும், கோப்பைத் திறந்து திருத்தினால் அது மாறிவிடும். முடக்கச் செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது முகவரிப் பட்டையும் தேதியும் தெரியட்டும். நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டில் அது வெட்டுப்பட்டிருக்கிறது, மறுபடி எடுங்கள். தம்பியை அங்கிருந்து ஒரு ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வக்கீல் செலவு பற்றிக் கடிதத்தின் ஓரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவில் விண்ணப்பம் கொடுத்தால் ரிட் மனுவுக்கு வக்கீல் அமர்த்தித் தருவார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் தெரிந்தவர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அமைச்சகங்களுக்கு எழுதி நான்கு வாரம் காத்திருந்து, பதில் வராவிட்டால் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். அதற்குமேல் இழுத்தால், ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும்.